போர்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போடலாமா?

எங்க பாபநாசம் பக்கம் வீடு கட்டணும்னா முதலில் தேடுவது 'பிளான் போடுறவரை'. அவர் பி.இ. சிவிலாக இருக்கலாம், டிப்ளமோவாக இருக்கலாம், டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தே கை தேறியவராகவும் இருக்கலாம். ஊர் வாய்க்கு எல்லாரும் 'இன்ஜினியர்'தான். அதில் வம்பில்லை. போர்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுதினால்தான் வம்பு.

1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ம் பிரிவைத் தேடிப் படித்தேன். ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அஞ்சு வருஷம் பி.ஆர்க். படித்து முடித்த பிள்ளைக்கும் பதிவு கைக்கு வரும்வரை இதே கதிதான். விசிட்டிங் கார்டுகளில் 'ஜூனியர் டிசைனர்', 'பில்டிங் டிசைனர்', 'டிசைன் கன்சல்டண்ட்' என்றெல்லாம் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

அப்போ வேலை செய்யவே கூடாதா? இந்தக் கேள்வி நொய்டா ஆணையத்தின் பதவி உயர்வு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மார்ச்சில் தீர்ப்பு: பிரிவு 37 பூட்டுவது பட்டப்பெயரை மட்டும்தான், தொழிலை அல்ல. ஆனால் 'அசோசியேட் ஆர்க்கிடெக்ட்' என்று பதவிக்குப் பெயர் வைத்தால், அதில் உட்காருபவருக்குப் பதிவு வேணும். பதிவில்லாதவரை வைக்கணும்னா பதவியின் பெயரை மாற்றிக்கொள்ளலாம்!

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், நேவல் ஆர்க்கிடெக்ட் இரண்டுக்கும் சட்டமே விலக்கு தருகிறது. சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துக்கு எழுத்து பிடித்தால் எங்க ஆபீசில் பல பேருடைய கார்டைத் திரும்ப அச்சடிக்கணும். 'ஸ்தபதி'க்கு இந்தத் தொல்லையே இல்லை. சட்டம் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

எனக்கு நெருடுவது, இருபது வருஷம் ஒழுங்காகப் பிளான் போட்டவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது என்பதுதான். நேற்று டிசைன் சாஃப்ட்வேர் கற்றவரும் அதே 'டிசைனர்'தானே. கார்டை வைத்து வித்தியாசம் தெரியாது.

ஆகவே வீடு கட்டப்போறவங்க கார்டை விட்டுவிட்டு கையெழுத்தைப் பாருங்க. பிளானில் ஒப்பமிட இன்னின்னார் பதிவு செய்திருக்கணும் என்பதை 2019-ம் வருஷத்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தனியாகச் சொல்கின்றன. ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எல்லாம் அதில் வெவ்வேறு வகை. ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால் 'சிஏ' என்று தொடங்கும் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. வேறு பெயர் சொன்னால், எந்த வகையில் பதிவு, பிளானில் கையெழுத்துப் போடப்போவது அவரா வேறொருவரா என்று கேளுங்க. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே.