கேரண்ட், பீடர்சன், ஜான்சன்: எதைத் தேர்ந்தெடுப்பது?

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானாகவே வந்து அமரும். அரைத் தானியங்கி ரைஃபிள் என்பது இதுதான். நம்மூர்க் காவலர்கள் தோளில் பார்த்துப் பழகிய எஸ்.எல்.ஆர். இந்த வகையைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட துப்பாக்கியைத் தன் படை முழுவதற்கும் கொடுக்க முதலில் துணிந்தது அமெரிக்க ராணுவம். எந்தத் தயாரிப்பை எடுப்பது என்று முடிவு செய்யவே அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1920களில் களத்தில் முக்கியமாக நின்றவர்கள் இருவர். ஒருவர் ஜான் பீடர்சன். மற்றவர் கனடாவில் பிறந்து, மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் வேலை பார்த்த ஜான் கேரண்ட். பீடர்சனின் துப்பாக்கி நேர்த்தியானது. ஆனால் தோட்டாக்கள் சிக்காமல் வெளியேற, அவற்றின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு தேவைப்பட்டது. புழுதியிலும் சேற்றிலும் புரளும் சிப்பாய்க்கு அது சரிப்படுமா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

தகராறு தோட்டாவின் அளவிலும் இருந்தது. பீடர்சன் சுமார் 7 மி.மீ. தோட்டாவை முன்வைத்தார். ராணுவம் பயன்படுத்தி வந்ததோ 7.62 மி.மீ. மயக்க மருந்து கொடுத்த பன்றிகளைச் சுட்டு 1928இல் காயங்களை ஆராய்ந்தார்கள். வழக்கமான போர்த் தொலைவுக்குச் சிறிய தோட்டாவே போதும் என்று தெரிந்தது. கேரண்டும் அந்த அளவுக்கு 10 தோட்டா கொள்ளும் துப்பாக்கியைச் செய்தார். தேர்வுக் குழு அதையே பரிந்துரைத்தது.

1932இல் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் அதை மறுத்தார். கிடங்குகளில் பழைய தோட்டாக்கள் மலைபோல் குவிந்திருந்தன. இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் அவைதான். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் புதிய தோட்டாவுக்குப் பணம் ஏது? பெரிய தோட்டாவுக்கும் ஒரு துப்பாக்கியைக் கேரண்ட் ஏற்கெனவே உருவாக்கி வந்ததால் பிழைத்தார். கொள்ளளவு மட்டும் 8 ஆகக் குறைந்தது. 1936இல் அது எம்1 என்ற பெயரில் ஏற்கப்பட்டது.

அதன் இயக்கம் எளிது. குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு பங்கு, குழலின் முனையருகே பிரிந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். அது காலி உறையை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும். எட்டுத் தோட்டாக்களையும் ஒரே கிளிப்பாகக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். உள்ளே அமர்ந்ததும் பூட்டு பாய்ந்து முன்னால் வரும். விரலை எடுக்கத் தாமதித்தால் நசுங்கும். 'எம்1 கட்டைவிரல்' என்று சிப்பாய்கள் இந்தக் காயத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் மெல்வின் ஜான்சன், அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையின் (மரைன்) ரிசர்வ் அதிகாரி. அவருடைய துப்பாக்கி 10 தோட்டா கொள்ளும். பாதி தீர்ந்த நிலையிலும் நிரப்பிக்கொள்ளலாம். கேரண்டில் இது எளிதல்ல. ஆனால் சுடும்போது ஜான்சனின் குழலே பின்னுக்கு நகரும். அதில் கனமான பயோனெட்டை மாட்டினால் இயக்கம் தடுமாறும். 1940இன் இறுதியில் சான் டியேகோவில் கடற்படைத் தரைப்படை தனக்கான துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க, போட்டியிலிருந்த எல்லாவற்றையும் சோதித்தது. சேற்றிலும் உப்புநீரிலும் உறுதியாக நின்றது, ஒவ்வொரு முறையும் கையால் பூட்டை இழுக்க வேண்டிய பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்தான். ஆனாலும் அரைத் தானியங்கிகளில் கேரண்டே தேர்வானது. தொழிற்சாலைகளும் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

மக்ஆர்தரின் முடிவு அன்றைய நிலைக்குச் சரியானதே; வரவிருந்த போரில் தோட்டா வழங்கலை அது எளிதாக்கியது. சிறிய தோட்டா போதும் என்ற 1928ஆம் ஆண்டுச் சோதனையும் பொய்க்கவில்லை. 1960களில் அமெரிக்கா எம்16 துப்பாக்கிக்கு மாறியபோது, அதன் தோட்டா 5.56 மி.மீ.