இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் லேண்ட்மாஸ்டர்

ஹாலிஎலைப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். தோட்டம் மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவம் கீழே றோட்டோரத்தில். உரமூட்டை ஏற வேண்டும், கொழுந்துச் சாக்கு இறங்க வேண்டும், இடையில் விறகு. இதுவரை எல்லாம் தலையிலும் முதுகிலும் போய்வந்தன. இனி முடியாது, வாகனம் ஒன்று வாங்க வேண்டும் என்கிறார். மகன் கைபேசியில் பார்த்த நாலு சில்லு பகியைச் சொல்கிறாராம். தெரிந்தவர் ஒருவர் பழைய லேண்ட்மாஸ்டர் ஒன்றைப் பெட்டியோடு தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எது அதிகம் இழுக்கும் என்பது அவருடைய கேள்வி.

இழுப்பதைப் பிறகு பார்க்கலாம். அவருடைய பாரம் நாள்தோறும் இறங்குகிற பாரம். எது அதைத் தாங்கிப் பிடிக்கும் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

லேண்ட்மாஸ்டரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் அருகே ஹக்னல் என்ற ஊரில் இருந்த கம்பனியின் பெயர் அது. அந்த இயந்திரம் எப்போதோ மறைந்துவிட்டது. குபோட்டா வந்தாலும் சீனத்து இயந்திரம் வந்தாலும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எதற்கும் நம்மவர் வாயில் அதே பெயர்தான். வெலிமடையின் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் அது செய்யும் வேலைக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பல வருடம் ஓட்டியவர்களிலும் சிலருக்கு அதன் காரணம் தெரியாது.

அதன் நீண்ட கைபிடிகளுக்குக் கீழே, இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாக இரண்டு சின்ன நெம்புகோல்கள் இருக்கும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது நெம்புகோலை நெரிக்க வேண்டும். உடனே இடது சில்லுக்கும் இஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். வலது சில்லு மட்டும் தள்ளும். வண்டி இடப்பக்கம் வளையும். சமதரையிலும் ஏற்றத்திலும் இது பிசகாது.

இறக்கத்தில் கதை வேறு. அங்கே இஞ்சின் சில்லைத் தள்ளுவதில்லை. சில்லுதான் இஞ்சினைச் சுழற்றுகிறது. அந்தச் சுமையே வண்டியைப் பிடித்துவைத்திருக்கிறது. இப்போது இடது நெம்புகோலை நெரித்தால் இடது சில்லு பிடி விட்டு ஓடும். வலது சில்லு மட்டும் பிடிபட்டு நிற்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் கேட்டது இடம், கிடைப்பது வலம். பதறி இன்னும் இறுக்கி நெரிப்பார். இன்னும் வேகமாக வலத்துக்குப் போகும்.

என் இரண்டு பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். இடக்கைப் பிள்ளையை விட்டுவிட்டால் அவன் முன்னால் ஓடுவான். வலக்கைப் பிள்ளை என்னோடு நிற்பான். மூவருமாக ஒரே வண்டியாகப் பிணைத்திருந்தால் வலப்பக்கம் சுழன்றிருப்போம்.

இதற்கு மேல் பின்னால் பெட்டி. இயந்திரத்தின் எடை அரை டன்னுக்குள்தான். பெட்டியில் ஒரு டன் ஏற்றுகிறோம். பத்தடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவில் அந்த ஒரு டன், நூறு கிலோ அளவுக்குப் பின்னாலிருந்து தள்ளும். எட்டடிக்கு ஓரடி என்றால் 125 கிலோ. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையைப் போட்டவர்கள், மலையகப் பாதையில் 44 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவு வைக்கவில்லை. அதற்காகவே தெமோதரையில் பாதையை மலையைச் சுற்றி வளைத்து, ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டினார்கள். நம்முடைய தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளை அப்படி யாரும் அளந்து போடவில்லை.

பிரேக்கும் பெரும்பாலும் பெட்டியின் சில்லுகளில்தான் இருக்கும். ஒரு டன் பாரம் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது பிரேக் மட்டுமே பிடித்தால் அங்கே உண்டாகும் சூடு, ஏறக்குறைய மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பெரிய கேத்தல் ஒன்று நிறையத் தேத்தண்ணி. அவ்வளவு சூட்டையும் இரண்டு சின்ன இரும்புக் கிண்ணங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர், மிஞ்சியிருந்த ஒரே பிடியையும் கையால் அவிழ்த்துவிடுகிறார். இறக்கத்தில் கிளட்சைப் பிடிப்பதும் அதே காரியம்தான்.

மகன் சொல்லும் பகிக்கு வருகிறேன். 1988இல் கவசாகி தன் பகிக்குக் கோவேறு கழுதை என்ற பொருள்பட மியூல் என்று பெயரிட்டது. ஜோன் டியரின் கேட்டர் 1992இல் வந்தது. அந்த வகை வண்டிக்கு நாலு சில்லும் ஸ்டியரிங்கும் உண்டு. இறக்கத்தில் திசை மாறிப் போகாது. ஆனால் பலவற்றில் பெல்ட்டால் இயங்கும் கியர்ப்பெட்டி. சில மாதிரிகளில் வேகம் குறைந்ததும் பெல்ட் தளர்ந்து, இஞ்சினின் பிடி போய்விடும். இறக்கத்தில் இஞ்சின் பிடிக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். விளம்பரத் தாளில் உள்ள இழுவை எடையும் பெரும்பாலும் சமதரைக்கானது. பகி வாங்கினால் அதன் பின்தட்டில் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாத பெட்டியைப் பின்னால் கொளுவ வேண்டாம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். பசறை வீதியிலும் மடுல்சீமைப் பக்கத்திலும் பின்னேரங்களில், கொழுந்தேற்றும் பெட்டியிலேயே நம் பெண்கள் நின்றபடி வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கொழுந்தை அமுக்கி அடைத்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்று சாக்குக்குக் கவனம் எடுக்கிறோம். அதே பெட்டியில் ஏறும் மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இல்லை. பெட்டியின் பிரேக் தேய்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால் பதில் வருவதில்லை. பிரேக் சப்பாத்து மாற்றுவது பெரிய செலவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் மறந்துபோகிறோம்.

ஹாலிஎலை நண்பருக்கு: மேசனிடம் தண்ணீர் மட்டக் குழாயை ஒரு நாள் இரவல் வாங்கி, உங்கள் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் பத்தடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அரை அடிக்குள் இருந்தால் லேண்ட்மாஸ்டர் போதும். பெட்டியின் பிரேக்கைப் புதுப்பித்து, அரைப் பாரம் ஏற்றி, இறக்கத்தில் அந்த நெம்புகோல்களைத் தொடாமல் கைபிடியைத் தள்ளியே மெதுவாகத் திருப்புங்கள். அரை அடிக்கும் ஓரடிக்கும் இடையில் என்றால், இஞ்சின் பிடிக்கும் பகியை வாங்குங்கள். ஓரடியைத் தாண்டினால் இரண்டையும் வாங்காதீர்கள். முதலில் அந்தக் காசில் பாதையை வளைத்து வெட்டுங்கள்.