நுண்துகள்களில் மறைந்துள்ள கன உலோகங்கள்

புகை சூழ்ந்த நாளில் கண் எரிகிறது, இருமல் வருகிறது. புகை கலைந்ததும் இவை தணிந்துவிடுவதால் தீங்கும் நீங்கிவிட்டதாகவே எண்ணுகிறோம். ஆனால் அப்புகையில் கன உலோகங்கள் கலந்திருந்தால் நிலைமை வேறு. உலோகம் ஒரு தனிமம். உடலால் அதனைச் சிதைத்து அழிக்க இயலாது. எலும்பில் படியும் ஈயமும் சிறுநீரகத்தில் சேரும் காட்மியமும் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

உடலுக்குள் செல்லும் வழி

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உடைய துகள்கள் 'பி.எம். 2.5' எனப்படுகின்றன. தலைமுடியின் தடிமனில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இத்துகள்களோ நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் வரை செல்கின்றன. அங்கே அவற்றிலுள்ள உலோகம் கரைந்து இரத்தத்தில் கலக்கக்கூடும்.

பொருள்கள் மிகுந்த வெப்பத்தில் உருகும்போதும் எரியும்போதும் அவற்றிலுள்ள சில உலோகங்கள் ஆவியாகி, குளிர்கையில் நுண்துகள்களின்மீது படிகின்றன. நிலக்கரிப் புகையில் ஆர்செனிக்கும், கன எரியெண்ணெய்ப் புகையில் நிக்கலும் வெனேடியமும் காணப்படுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும் பழைய பேட்டரிகளைப் பாதுகாப்பின்றி உடைத்து ஈயம் உருக்கும் இடங்களிலும், தாமிரத்திற்காக மின்கம்பிகளை எரிக்கும் இடங்களிலும் ஈயப்புகை இன்றும் எழுகிறது.

விளையும் தீங்குகள்

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. கற்கும் திறனும் கவனமும் குறைகின்றன. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் உயரவும் சிறுநீரகம் பழுதடையவும் அது காரணமாகலாம். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்குகிறது. ஆர்செனிக், ஆறிணைதிறக் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குபவை. காற்றிலுள்ள துகள் மாசினையே புற்றுநோய்க் காரணியாக, உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

இந்தியாவில் பி.எம். 2.5க்கான ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம்; உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5 மைக்ரோகிராம். இவை துகள்களின் எடையை மட்டுமே கூறுபவை. அதே எடையுள்ள துகள்களில் மண்தூசி மிகுதியா, ஈயப்புகை மிகுதியா என்பதை அந்த எண்ணால் அறிய முடியாது. ஆகவே அருகில் என்ன எரிகிறது, என்ன உருக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

குழந்தைகள் தம் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கிறார்கள். தரையில் படிந்த தூசியும் கை வழியே அவர்கள் வாய்க்குச் செல்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை மேலும் எளிதாக உறிஞ்சும். தாயின் எலும்பில் முன்பே சேர்ந்த ஈயம் கருவுற்ற காலத்தில் வெளிப்பட்டு, நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடையக்கூடும்.

செய்ய வேண்டியவை

• மின்கம்பி, டயர், நெகிழி, மின்னணுக் கழிவு ஆகியவற்றைப் போகிப் பண்டிகை அன்றும் எரிக்காதீர்கள்.
• பேட்டரி, உலோக உருக்கு, பற்றவைப்புப் பணிகளில் இருப்போர், பணியிடத்திலேயே குளித்து உடை மாற்றிய பின் வீடு திரும்புவது நல்லது. பணியுடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.
• வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். உண்ணும் முன் குழந்தைகளின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
• புகை மிகுந்த இடத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியுங்கள். துணிக் கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது.
• கீரை, பருப்பு, பால், கேழ்வரகு போன்ற இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள உணவுகள் குழந்தைகளுக்குத் தேவை.

ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இதுவரை அறியப்படவில்லை. தொடக்கத்தில் அறிகுறிகளும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவே மருத்துவரிடம் வரும்போது உங்கள் தொழிலையும், வீட்டருகே உள்ள உருக்கு ஆலை, எரிப்பு இடங்களையும் தவறாமல் கூறுங்கள். தேவையெனில் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கலாம். உலோகத்தை வெளியேற்றும் என விற்கப்படும் மருந்துகளைத் தாமாக உட்கொள்வது தீங்கு தரும். அத்தகைய சிகிச்சை யாருக்குத் தேவை என்பதைப் பரிசோதனை முடிவைக் கொண்டே தீர்மானிக்க இயலும். அதற்கு முன், உலோகம் எங்கிருந்து வருகிறதோ அந்த வழியை அடைப்பதே முதற்சிகிச்சை.