யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பல தொடக்கப் பள்ளிகளின் மைதானம் குளமாகிவிடும். விளையாட்டுப் பீரியடுக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பார்கள். இந்த நாற்பது நிமிடத்தை எப்படி ஓட்டுவது என்று டீச்சர் யோசிப்பார். கடைசியில், "சரி, எல்லாரும் நோட்டை எடுங்க, ஏழாம் வாய்ப்பாடு எழுதுங்க" என்ற குரல்தான் பெரும்பாலும் கேட்கும்.

அந்த நேரத்தில் நான்கு சுவருக்குள் ஆடக்கூடிய ஆட்டங்கள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அவற்றுக்குப் பெரிதாகச் செலவும் இல்லை. ஒரு சாக்பீஸ், ஒரு டப்பா புளியங்கொட்டை, கிழித்த நோட்டுத்தாள் இருந்தால் போதும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டீச்சர் தமக்குத்தாமே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடியும்வரை வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருப்பார்களா?

"தலைவர் சொல்கிறார்" ஆட்டத்தைப் பாருங்கள். 'தலைவர் சொல்கிறார், காதைத் தொடு' என்றால் தொட வேண்டும். வெறுமனே 'காதைத் தொடு' என்றால் தொடக் கூடாது. தொட்டவர் அவுட், ஓரமாய்ப் போய் உட்கார வேண்டும். முதல் நிமிடத்திலேயே வெளியேறுவது யார்? கவனம் சிதறுகிற பிள்ளை, கை துறுதுறுவென்று முந்திக்கொள்கிற பிள்ளை, சொன்னது புரியக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிற பிள்ளை. கையை அடக்கிக் காதைத் தீட்டிக் கேட்கும் பழக்கத்தைத் தருவதுதான் இந்த ஆட்டத்தின் பயன். அந்தப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. ஏற்கெனவே கூர்ந்து கேட்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷானா டோமினி, மேகன் மெக்லெலண்ட் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு எட்டு வாரத்தில் 16 முறை இத்தகைய ஆட்டங்களை நடத்தினார்கள். வண்ணத் தாளைக் காட்டினால் நிற்பது, வேறு வண்ணம் காட்டினால் நகர்வது, பிறகு விதியைத் தலைகீழாக மாற்றுவது என்று எல்லாம் எளிய ஆட்டங்கள். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் தொடக்கத்தில் பின்தங்கியிருந்த குழந்தைகளிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. நம் வழக்கப்படி ஆடியிருந்தால் முதலில் ஓரமாய்ப் போய் உட்கார்ந்திருக்கக்கூடிய குழந்தைகள் அவர்கள்.

இதற்கு மாற்று எளிது. தவறு செய்தவர் உட்கார வேண்டாம். வகுப்பை இரண்டு வட்டமாக நிறுத்தி, தவறியவர் இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டத்துக்குப் போகட்டும். அங்கே தவறினால் இங்கே திரும்பட்டும். ஆட்டத்தின் சூடு குறையாது, யாருக்கும் ஆட்டை முடியாது.

தெருவில் ஆடிய பிள்ளைகளுக்கு இந்த நியாயம் எப்போதோ தெரிந்திருந்தது. அக்காவின் இடுப்பை விட்டு இறங்காத தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் பிடிபட்டாலும் அவுட் இல்லை. கூடவே ஓடலாம், கத்தலாம், சிரிக்கலாம். பெயரில் இருக்கிற கேலியை இன்று தவிர்த்துவிடலாம். யாரையும் விட்டுவிட்டு ஆடக் கூடாது என்ற அந்த ஏற்பாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். வகுப்பில் ஒப்புக்கு என்றில்லாமல் ஒவ்வொருவருக்கும் உண்மையான ஒரு முறை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளி ஆண்டு விழாக்களில் தவறாமல் இடம்பெறும் மியூசிக்கல் சேரையே இப்படி மாற்றிவிடலாம். கனடாவில் பணியாற்றிய விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக், கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றி 1978இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் காட்டிய வழியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்காலியைத்தான் எடுப்பார்கள், ஆளை எடுப்பதில்லை. பாட்டு நின்றதும் மிச்சமிருக்கிற நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும். நாற்காலி இல்லாத வகுப்பில் தரையில் விரித்த செய்தித்தாள் போதும். முதலில் ஐந்து பேருக்கு ஐந்து தாள். பிறகு நான்கு, மூன்று. கடைசியில் ஒரே தாளில் ஐந்து ஜோடிக் கால்கள்! யார் யாரைப் பிடித்துக்கொள்வது, யார் ஒற்றைக் காலில் நிற்பது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுப்பார்கள்.

கணக்குப் பாடத்துக்கு நேராக உதவும் ஆட்டங்களும் உண்டு. தரையில் சாக்பீஸால் ஒரே வரிசையில் பத்துக் கட்டம் போட்டு, ஒன்று முதல் பத்துவரை எண் எழுதி, சோழியோ பகடையோ உருட்டிக் காய் நகர்த்துவது அப்படி ஒன்று. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய எண் பலகை ஆட்டத்தை அமெரிக்காவின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 124 குழந்தைகளிடம் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்தில் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. எண் எழுதிய பலகையில் ஆடியவர்களுக்கு எண்ணறிவு கூடியிருந்தது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் ஐந்தாம் கட்டத்தில் நிற்கிறது, விழுந்தது இரண்டு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பிள்ளைகள் 'ஒன்று, இரண்டு' என்று சொல்லியே நகர்த்துவார்கள். 'ஆறு, ஏழு' என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தச் செய்ய வேண்டும். இப்படித் தொடர்ந்து எண்ணி ஆடும்போதுதான் எண் வரிசை மனதில் பதிகிறது என்று சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014இல் காட்டினார்கள். பரமபதம் ஆடும் வகுப்பிலும் இதே பழக்கத்தைக் கொண்டுவரலாம். நாற்பத்தேழில் நின்று மூன்று போட்டவர் 'நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது' என்று உரக்கச் சொன்னால், சுற்றியிருக்கிற நால்வரும் சேர்ந்து சொல்வார்கள்.

பல்லாங்குழிக்குப் பலகைகூட வேண்டாம். தரையில் இரண்டு வரிசையாக ஏழேழு வட்டம் போட்டால் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து காய் என்றால் 70 புளியங்கொட்டை. இருவர் ஆடும் ஆட்டம்தான் என்றாலும், பக்கத்துக்கு மூவராக அணி கட்டி, ஆளுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஆட வைக்கலாம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும், எப்போது நான்கு சேர்ந்து 'பசு' கிடைக்கும் என்று மூன்று தலைகளும் ஒன்றுகூடிக் கணக்குப் போடும். காயைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் கொடிய நஞ்சு இருக்கிறது, சின்னக் கைகளுக்கு அது ஆகாது. புளியங்கொட்டையே நல்லது. அதையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் மூக்கில் நுழைத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு.

மூன்றாம் வகுப்புக்கு மேல் ராஜா ராணிச் சீட்டுக்கு இணையில்லை. ஆறு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ராஜா, ராணி, மந்திரி, சேவகன், போலீஸ், திருடன் என்று ஆறு சீட்டு எழுதி, மடித்து, குலுக்கிப் போட வேண்டும். மதிப்பெண் ஊருக்கு ஊர் மாறும். ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0 என்று வைப்பது பரவலான வழக்கம். போலீஸ் சீட்டு வந்தவர் மற்ற ஐவரின் முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். திருடன் சீட்டைக் கையில் மூடிக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் கூரையைப் பார்க்கிற பிள்ளையைக் கண்டவர்களுக்கு இந்த ஆட்டத்தின் சுவை தெரியும். பத்துச் சுற்று முடிந்ததும் அவரவர் மதிப்பெண்ணை அவரவரே கூட்ட வேண்டும். ஆயிரங்களைக் கூட்டும் அந்தக் கணக்கை ஒருவரும் முகம் சுளிக்காமல் போடுவார்கள். அடுத்தவர் கூட்டலையும் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவருக்கும் திருடன் சீட்டு விழும், கடைசி பெஞ்சில் இருப்பவர் ராஜா ஆவார்.

மொழிப் பாடத்துக்குக் காதோடு காது. வரிசையின் தலையில் இருப்பவர் காதில் 'தாழம்பூ வாங்கக் கிளம்பினாள் வள்ளி' என்று டீச்சர் சொல்கிறார். முப்பதாவது ஆளிடம் வரும்போது தாழம்பூ தாளம்பூவாகியிருக்கும், வள்ளி பல்லியாகியிருப்பாள். எந்த இடத்தில் மாறியது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டு போகும்போது லகர, ளகர, ழகர வேறுபாடு சிரிப்போடு உள்ளே இறங்குகிறது. முப்பது பேர் ஒரே வரிசையில் இருந்தால் முக்கால்வாசிப் பேர் சும்மா காத்திருப்பார்கள் என்பதால், ஆறு பேர் கொண்ட ஐந்து வரிசையாகப் பிரித்துவிடுவது நல்லது.

ஆட்டம் என்றால் சண்டையும் வரும். "டீச்சர், இவன் அழுகுணி ஆட்டம் ஆடுறான்!" என்ற புகார் எழாத வகுப்பு இல்லை. உடனே தீர்ப்புச் சொல்லிவிடாமல், "அப்படின்னா விதி என்னன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று விடுவதில் நன்மை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ழான் பியாஜே, குழந்தைகளோடு தாமும் உட்கார்ந்து கோலி ஆடி, விதிகளை யார் செய்தது, மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டார். அவரது ஆய்வு 1932இல் புத்தகமாக வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் விதித்த, தொடக் கூடாத ஒன்று. பத்து வயதை நெருங்கும்போதுதான், எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அது என்று அவர்களுக்குப் புரிகிறது. டீச்சர் இல்லாமல் தீர்த்துக்கொண்ட ஒவ்வொரு சண்டையும் பிள்ளையை அந்தப் புரிதலை நோக்கி நகர்த்துகிறது.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் விளையாட்டா?" என்று ஆசிரியர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளிகள் இங்கே குறைவில்லை. ஆனால் சட்டமும் திட்டங்களும் இப்போது ஆட்டத்தின் பக்கம்தான் நிற்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களைத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடலும் பாடலும் செயல்பாடுகளும் பாடத்துக்குள்ளேயே வருகின்றன. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதும் குறையாகிவிடாது. பெரிய பிள்ளைகள் மதிப்பெண் குறிக்கலாம், சின்னவர்கள் காய் உருட்டலாம்.

பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாகும் என்ற பயத்துக்கும் வழி உண்டு. வாய் திறக்காமல், கை சாடையாலேயே பிறந்த மாத வரிசைப்படி நிற்கச் சொன்னால் முப்பது பேர் இருக்கிற அறையில் செருப்புச் சத்தம்தான் கேட்கும்.

ஆடி முடித்த பிள்ளைகளை மறுபடி அமைதிக்குக் கொண்டுவருவதற்கென்றே ஓர் ஆட்டம் இருக்கிறது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்க்கிறார்கள், தூறல். விரல் சொடுக்குகிறார்கள், ஓட்டின் மேல் விழும் துளிகள். தொடையைத் தட்டுகிறார்கள், பிறகு காலால் தரையை உதைக்கிறார்கள், இடியோடு பெருமழை. அங்கிருந்து ஒவ்வொரு படியாகத் திரும்பி இறங்க வேண்டும். தட்டல், சொடக்கு, தேய்ப்பு. கடைசிக் கையும் நின்ற பிறகு, ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழை மட்டும் கேட்கிறது. டீச்சர் மெதுவான குரலில் பக்க எண்ணைச் சொல்கிறார்.