ஒரு மீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர்

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். வயல், வாய்க்கால், கண்மாய் எல்லாவற்றையும் அளந்து தாளில் சுருக்குவதுதான் பிழைப்பாக இருந்தது. இப்போது அதே வேலையைப் பலகை மேல் செய்கிறேன். 1980களின் தொடக்கத்தில், மீட்டர் கேஜ் ஓடிய காலத்துத் திருமயம் ரயில் நிலையம். பின்னறைச் சுவரோரம் 10 அடி நீளம், 2 அடி அகலம்.

மாதிரி ரயில் என்றாலே சாவி கொடுத்து ஓடும் பொம்மைதான் நம் ஊரில் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891லேயே தண்டவாள அளவுகளை ஒழுங்குபடுத்தி விற்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் இது வயதானவர்களின் தீவிரமான பொழுதுபோக்கு. ஹாம்பர்க்கில் 2001இல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்டைப் பார்க்க உலகமே போகிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் புனே இருக்கிறது. கோத்ரூடில் ஜோஷி என்பவர் உருவாக்கிய மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ரயில் பிரியர்கள் தவறவிடக் கூடாத இடம்.

உலகில் அதிகம் விற்பது எச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால் அது 1,435 மி.மீ. பாதையுள்ள நாடுகளின் கணக்கு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடைப்பது அரிது என்பதால் இந்திய ரயில் செய்கிற பலரும் 16.5லேயே ஓட்டிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கண்ணுக்குத்தான் அது உறுத்துகிறது.

மீட்டர் கேஜில் அந்தத் தொல்லை இல்லை. சிறிய அளவு ரயில்களுக்கு உலகமெங்கும் விற்கும் 9 மி.மீ. தண்டவாளத்தை வாங்கினேன். நிஜத்தில் 1 மீட்டர், பலகையில் 9 மி.மீ. தண்டவாளமே அளவுகோல். 6 அடி மரக்கட்டை 16 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நடுத்தர உயரமுள்ள ஆள் 15 மி.மீ. எனக்கு இதைவிடச் சௌகரியமான கணக்கு வேலையில் இருந்தபோதுகூடக் கிடைத்ததில்லை.

ஆனால் கணக்கு ஓரளவுக்குத்தான் துணைக்கு வரும். சமஸ்தானக் காலத்தில், 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த ரயில் மறு ஆண்டு திருமயம் வழியாக மானாமதுரை வரை நீண்டது. போட் மெயில் இன்றும் ராமேஸ்வரத்துக்கு இந்த வழியாகத்தான் போகிறது. திருச்சி–புதுக்கோட்டை 50 கி.மீ. என்று வைத்தாலும் என் அளவில் 450 மீட்டர் வேண்டும். எங்கள் தெருவே போதாது. 300 மீட்டர் நடைமேடை ஒன்றைச் செய்தாலே 9 அடி போய்விடும். ஆகவே எதையெல்லாம் விடுவது என்பதுதான் இந்த வேலையின் பெரிய பாடு. நடைமேடையைப் பாதியாகக் குறைத்தேன். ரயிலுக்கு நான்கே பெட்டிகள். இரு முனைகளிலும் பாதை ஒரு திரைக்குப் பின்னால் மறைகிறது. ரயில் அங்கே நின்றால் காரைக்குடி போய்விட்டதாகப் பொருள்.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “என்னண்ணே, திருமயம்னு சொல்றீங்க, கோட்டையைக் காணோமே?” கோட்டை நிலையத்தைவிட்டுத் தள்ளி இருக்கிறது. பின்திரையில் விரலளவுக்கு வரைந்திருக்கிறேன். அதைப் பெரிதாக வைத்தால் நிலையத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மீட்டர் கேஜ் போய்ப் பல வருஷமாகிறது. இல்லாததை எப்படி அளப்பது? பழைய புகைப்படங்கள்தான் வழி. படத்தில் தண்டவாளம் தெரிந்தால் அதன் இடைவெளி 1 மீட்டர் என்று நமக்குத் தெரியுமே. அதே தூரத்தில் நிற்கும் வேலிக் கம்பத்தின் உயரத்தை அதை வைத்துக் கணக்கிடலாம். தண்டவாளம் தெரியாவிட்டால் செங்கல் வரிசையை எண்ணலாம். ஆனால் நிலையத்தை யாரும் படமெடுத்து வைக்கவில்லை. மணமக்களை வழியனுப்பியதைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால் சொந்தக்காரர் வீடுகளில் கல்யாண ஆல்பம் கேட்டுத் திரிகிறேன். பொண்ணு பார்க்க வந்தவர்போல் உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள்.

பொருட்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிக்குக் கிரஷர் தூசியைச் சலித்துக்கொள்கிறேன். நிலத்துக்கு நம் செம்மண்ணேதான், டீ வடிகட்டியில் சலித்தது. பரப்பி, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஷாம்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே முத்தாக உருண்டு நிற்கும். பனைமரத்துக்கு ஈர்க்குச்சியும் காகிதமும். வேலிக்கருவைக்குப் பழைய மின்கம்பியைப் பிரித்து முறுக்கிய செம்பு இழை. வடிகட்டி காணாமல் போனது பற்றி வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

எஞ்சின் ஒய்.பி. வகை. 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் வந்த, மீட்டர் கேஜில் எங்கும் ஓடிய நீராவி எஞ்சின். அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் உடலைச் செய்துவிட்டேன். அவ்வளவு சின்ன உடலுக்குள் மோட்டாரை அடைக்க என் விரல்களுக்கு வரவில்லை. ஆகவே மோட்டார் முதல் பெட்டிக்குள் இருக்கிறது. எஞ்சின் இழுப்பதில்லை, பெட்டிதான் அதைத் தள்ளுகிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

மின்சாரம் 12 வோல்ட், தொட்டாலும் ஷாக் அடிக்காது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னோக்கிப் போகும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட டிஜிட்டல் முறை இருக்கிறது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது கேட்கும். ஒற்றை ரயில் வைத்திருப்பவனுக்கு அது வீண் செலவு. புதிதாகத் தொடங்குகிறவர்களும் 4 அடிப் பலகை, தடம் மாற்ற ஒரு பாயிண்ட், ஒரு எஞ்சின் என்று நிறுத்திக்கொள்ளலாம். செலவில் பாதி எஞ்சினுக்குத்தான்.

பேரன் வந்தால், “தாத்தா, ஸ்பீடா விடுங்க” என்பான். மணிக்கு 60 கி.மீ. என்பது என் அளவில் விநாடிக்கு 15 செ.மீ. பாசஞ்சர் வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது அதில் பாதிகூட இருக்கக் கூடாது. ஒரு முறை பார்த்துவிட்டு அவன் செல்போனோடு போய்விடுவான். அதற்காக வேகத்தைக் கூட்ட மாட்டேன்.

இப்போது வேலை ஒரு மரத்தில் நிற்கிறது. நிலைய வாசலில் இருந்தது வேப்பமரம் என்கிறார் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர். வாகை என்கிறார் அங்கே டீக்கடை வைத்திருந்தவர். இருவரும் சத்தியம் செய்கிறார்கள். இலைக்கு என்ன பச்சை கலப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். அந்தக் காலத்தில் திருமயத்தில் ரயிலேறிப் போன புதுமணத் தம்பதி யாராவது இதைப் படித்தால் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் முகம் எனக்கு வேண்டாம், பின்னால் நிற்பது என்ன மரம் என்று சொன்னால் போதும்.