புதுத் தரையில் வெள்ளைப் படலம்! ஆசிட் ஊற்றலாமா?

புது வீடு கட்டி முடிந்துவிட்டது. தரைக்கு டைல்ஸ் பதித்தாகிவிட்டது. கிரகப் பிரவேசத்துக்கு இன்னும் நான்கே நாள். தரையைப் பார்த்தால் மாவு தூவியது போல ஒரே வெள்ளை! கழுவினால் போகிறது. காய்ந்ததும் மறுபடி வந்து நிற்கிறது.

"என்ன மேஸ்திரி, கடையில் பார்த்த பளபளப்பு எங்கே?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கிறார்.

"ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிக் கொடுங்கம்மா. ஊத்திக் கழுவினா பளிச்சுன்னு ஆயிடும்" என்கிறார் மேஸ்திரி.

பல வீடுகளில் நடப்பது இதுதான். கடன் வாங்கிப் போட்ட தரையை அந்த ஒரு பாட்டில் கெடுத்துவிடும். ஆளுக்கும் ஆபத்து!

வெள்ளை எப்படி வந்தது?

டைல்ஸ் கற்களுக்கு நடுவே சிறிய இடுக்கு விடுவார்கள். அதில் வெள்ளைச் சிமெண்டையோ, 'கிரௌட்' என்ற பொடியையோ குழைத்துத் தேய்ப்பார்கள். அப்போது கல்லின் மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அது மெல்லிய தோல் போலப் படிந்துவிடுகிறது. அழுக்கு அல்ல, சிமெண்டு! சிமெண்டு சும்மா காய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. நாள் ஆக ஆகக் கெட்டிப்படும்.

ஆகவே, துடைக்க வேண்டிய நேரம் அன்றைக்கே. சாந்து தேய்த்துக் கால் மணி, அரை மணி நேரத்தில் அது சற்று இறுகும். உடனே ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, குறுக்குவாட்டில் துடைக்க வேண்டும். இடுக்கின் வழியாகவே இழுத்தால் சாந்தும் கூடவே வந்துவிடும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுவது முக்கியம். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைப்பது, சிமெண்டுத் தண்ணீரால் தரையை மெழுகுவதுதான்! இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, உலர்ந்த துணியாலோ சுத்தமான சாக்காலோ அழுத்தித் தேய்த்தால் தரை பளபளக்கும். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். கையுறை அவசியம்.

ஆசிட் என்ன செய்யும்?

கழுவுவதற்கென்று கடைகளில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சிமெண்டைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் கல்லின் மேல் உள்ள சிமெண்டு வேறு, இடுக்கில் உள்ள சிமெண்டு வேறு என்று அதற்குத் தெரியுமா? இரண்டையும் தின்னும்! இடுக்கு பொடிந்து, கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கும்.

பளிங்கு, கடப்பைக் கல், மொசைக் தரை என்றால் இன்னும் மோசம். அவற்றில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஆசிட் பட்டதும் நுரைத்து, மெருகு போய்விடும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லோ சூளையில் சுடாத சிமெண்டுக் கல். பூ வேலைப்பாடே அரித்துப் போகும்.

ஆசிட் ஆவி மூச்சை அடைக்கும். குழாய்களைத் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தாலோ, குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்கு அருகே போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்! மூடிய குளியல் அறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

காய்ந்துவிட்டால்?

முதலில் ஈரமான நைலான் நாரால் தேய்த்துப் பார்க்கலாம். ஓரிரு நாள் படலம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் அவசரம் வேண்டாம். விசேஷத்துக்கு வருகிறவர்கள் தரையைக் குனிந்து பார்க்கப் போவதில்லை!

பத்து நாள் போகட்டும். இடுக்கு நன்றாக இறுகியிருக்கும். 1 பங்கு வினிகருக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்க்க வேண்டும். கல்லுக்குக் கெடுதல் இல்லை என்றால், சிறிது சிறிதாகத் தேய்த்து, ஐந்து நிமிடத்தில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவிவிட வேண்டும். இது மெருகிட்ட டைல்ஸுக்கு மட்டுமே. பளிங்குக்கும், கடப்பைக்கும், மொசைக்குக்கும், ஆத்தங்குடிக்கும் வினிகரும் ஆகாது.

'எபாக்சி' என்ற பிசின் சாந்து போட்டிருந்தால் வினிகர் பலிக்காது. அது இறுகும் முன்பே துடைத்து எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்து மேஸ்திரி கிளம்புமுன் தரையை ஒருமுறை சாய்வாகப் பார்த்துவிடுவது நல்லது.