குடிக்கூலியும் குடியும்

வீட்டுக்கு உரிமையாளராக இல்லாமல் அதில் வாழ்வதற்கு மட்டும் கொடுக்கும் பணத்தைத் தமிழர் குடிக்கூலி என்று வழங்கினர். இன்று வாடகை என்பதே பெருவழக்காயிற்று. எனினும், பழைய சொல்லில் ஆழ்ந்த பொருளொன்று உண்டு. குடி என்பது வீட்டைக் குறிக்கும். அவ்வீட்டில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். நாட்டு மக்களையும் குறிக்கும். கட்டடமும் அதில் வாழ்வோரும் ஒரே சொல்லில் பிரிவின்றி நிற்கின்றனர். அவ்விரண்டும் பிரிந்தால் ஒரு பழநகரம் என்னாகும்? பினாங்கின் ஜார்ஜ் டவுன் இவ்வினாவுக்கு விடை கூறும்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் தொடங்கிய இந்நகரின் தனிச்சிறப்பு அதன் கடைவீடுகளே. கீழே கடை; மேலே குடியிருப்பு; வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிச் செல்ல ஐந்தடி நடைவழி. முகப்போ குறுகியது; உள்ளே நீளம் மிகுதி. காற்றும் வெளிச்சமும் புக நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பார். பின்னர் மேல்தளத்தைப் பலகைகளால் சிற்றறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுவார். ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழும்; சமையற்கட்டும் குளியலறையும் பலருக்கும் பொதுவானவை. அறை சிறிதாயினும், துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்தோருக்கு வேலையிடம் அருகில் இருந்தது. மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் தொழில் செய்த தமிழருள் பலர் இவ்வாறு கடைகளின் மேல்தளத்தில் தங்கி வாழ்ந்தோரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. வாடகை கட்டுமீறிப் போகாதபடி அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி 31ஆம் நாளிலோ அதற்கு முன்போ கட்டப்பட்ட கட்டடங்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டது. உரிமையாளர் விருப்பம்போல் வாடகையை உயர்த்தவோ, தக்க காரணமின்றிக் குடியிருப்போரை வெளியேற்றவோ இயலாது. ஏழைத் தொழிலாளியும் சிறுகடைக்காரரும் நகரின் நடுவே வாழ்ந்ததற்கு இச்சட்டமே பெருந்துணை.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. பல வீடுகளில், வரும் வாடகை கூரை ஓட்டை மாற்றவும் போதவில்லை. உரிமையாளர் பழுதுபார்க்க முன்வரவில்லை. தமக்குச் சொந்தமல்லாத வீட்டிற்குச் செலவிடக் குடியிருப்போரும் தயங்கினர். கூரை ஒழுகியது, கறையான் மரத்தை அரித்தது. ஆயினும், குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற முடியாமையால் பழைய வீடுகளை இடித்து உயர்ந்த கட்டடங்கள் எழுப்புவதும் எளிதாக இல்லை. கட்டடங்களை நலியச் செய்த சட்டமே அவற்றை அழியாமலும் காத்தது என்பது வியப்புக்குரியது.

1997ஆம் ஆண்டு அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை இடைக்காலம் அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குச் சென்றது. பல தலைமுறையாய் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல புறநகரை நாடிச் சென்றன. வெறுமையான வீடுகள் சிலவற்றில், கூட்டுக்காக உழவாரக் குருவிகள் வளர்க்கப்பட்டன. குடிகள் வெளியேறிய இடத்தில் பறவைகள் குடிபுகுந்தன!

2008 சூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் பழுதான வீடுகள் பல புதுப்பொலிவு பெற்றன. முன்பு குடும்பங்கள் வாழ்ந்த மேல்தள அறைகள், தனிக் குளியலறையும் குளிர்சாதனமும் பெற்றுச் சுற்றுப்பயணிகளின் தங்கும் விடுதிகளாயின. ஓரிரவுக்கு வாடகை தரும் பயணியோடு, மாதச் சம்பளத்தில் வாடகை தருபவர் போட்டியிட முடியுமா?

இன்று அங்கே ஓரறை வீடு தேடுபவருக்குப் பழைய சட்டத்தின் துணை இல்லை. எழுதப்படும் ஒப்பந்தமே துணை. நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகை நீர், மின் கட்டணங்களுக்கு ஈடாகவும், ஒரு மாத வாடகை முன்பணமாகவும் கேட்கப்படும். ஆக, மூன்றரை மாத வாடகை கையில் இருத்தல் வேண்டும். வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும், பழுதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பவற்றை எழுத்தில் பெறுதல் நன்று. ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்துவதும் இன்றியமையாதது. செலுத்தாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு மற்றொரு காப்பு. வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வெளியேறாவிடில், உரிமையாளர் நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்கலாம். தாமே பூட்டை மாற்றி வெளியேற்றுதல் ஆகாது.

வாடகை மிகக் குறைந்தால் கட்டடம் நலிகிறது. மிக உயர்ந்தால் குடி நீங்குகிறது. இவ்விரு பாடங்களையும் ஜார்ஜ் டவுன் தன் அனுபவத்தால் கற்றது. யுனெஸ்கோ போற்றியது சுவர்களை மட்டுமன்று. பல இன மக்கள் வாழ்ந்துவரும் மரபையும் அது போற்றியது. ஆகவே, பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதியைப் பொதுநிதி ஏற்க, அதற்கு ஈடாக உரிமையாளர் உள்ளூர்க் குடும்பத்திற்கு நியாயமான வாடகையில் நீண்டகால ஒப்பந்தம் அளிப்பதே இருதரப்புக்கும் நலம் தரும் வழி. மாணவரை அப்பழநகருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அழகிய முகப்புகளோடு மேல்தளச் சன்னல்களையும் காட்டுதல் வேண்டும். அங்கே துணி உலர்கிறதா, அடுப்புப் புகைகிறதா என்று மாணவர் பார்க்கட்டும். குடி என்னும் சொல்லின் முழுப்பொருளும் அப்போது அவர்களுக்கு விளங்கும்.